மூடிய கதவும் காத்த கப்பலும்

'கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே' என்பது நம் தாய்மார்கள் வழிவழியாகச் சொல்லி வரும் பழமொழி. கப்பல் கவிழ்வதைக் காட்டிலும் பெரிய நட்டம் உலகில் இல்லை என்று நம் முன்னோர் எண்ணியதை இது காட்டுகிறது. கவிழ்ந்த பின் வருந்திப் பயனில்லை என்பது பழமொழியின் பொருள். கவிழாமல் காப்பது எப்படி என்பது அதை அடுத்து எழும் வினா. வெடிமருந்தும் எண்ணெயும் ஒருங்கே சுமந்து செல்லும் போர்க்கப்பலுக்கு இவ்வினா உயிர்நாடியானது. இதற்கு உலகம் எத்தகைய விடை கண்டது, அவ்விடையை எத்தனை உயிர்களை விலை கொடுத்துக் கற்றது என்பனவற்றைச் சுருக்கமாகக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலே காணாத ஹைதராபாத்தில் குடியிருக்கும் நமக்குக் கப்பலைப் பற்றி என்ன கவலை என்று அன்பர்கள் கேட்கலாம். இந்த நகருக்கும் அந்த விடைக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அதனை உரிய இடத்தில் கூறுவோம்.

தீயின் சங்கிலி

வீட்டில் தீப்பற்றினால் தெருவுக்கு ஓடலாம். கப்பலுக்குத் தெரு இல்லை. நான்கு புறமும் நீர் சூழ்ந்திருக்க, தீயுடனேயே ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து அதனை வென்றாக வேண்டும். அதுவன்றி, மூடிய அறைக்குள் வெடி நேர்ந்தால், திறந்த வெளியில் போல அதன் அழுத்தம் பரவித் தணிவதில்லை. சுவரிலிருந்து சுவருக்கு மோதி, சுவரும் தளமும் சேரும் மூலைகளைப் பிளந்துகொண்டு அடுத்த அறைக்குச் செல்லும். பின்னால் தீ செல்லும். தீக்கு முன்னால் புகை செல்லும். இரும்புச் சுவர் பழுக்கக் காய்ந்தால், சுடர் தீண்டாமலேயே அப்பாலுள்ள வண்ணப்பூச்சும் கம்பிச் சுருளும் பற்றிக்கொள்ளும். அப்பால் இருப்பது வெடிமருந்துக் கிடங்காயின் முடிவைச் சொல்ல வேண்டுவதில்லை.

ஆகவே பெரும்பாலும் கப்பலை அழிப்பது முதல் வெடி அன்று. முதல் வெடியினால் பிறக்கும் இரண்டாவது வெடியே. இது ஒரு சங்கிலி. சங்கிலியின் ஒரு கண்ணியை அறுத்துவிட்டால் கப்பல் பிழைக்கும். இருபதாம் நூற்றாண்டின் கடற்போர்கள் கற்பித்த பாடங்கள் பலவும் இவ்வொரு கருத்தில் அடங்கும்.

சீனத்துத் துறைமுகத்தில் ஒரு சான்று

கப்பலின் வயிற்றைச் சுவரிட்டுப் பல அறைகளாகப் பிரிக்கும் வழக்கத்தைச் சீனர் நெடுங்காலத்துக்கு முன்பே கைக்கொண்டிருந்தனர். அங்குள்ள பெரிய கப்பல்கள் சிலவற்றில் பதின்மூன்று அறைகள் வரை உண்டு என்று, பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் கீழை நாடுகளைச் சுற்றிவந்த மார்க்கோ போலோ எழுதி வைத்தார். 1974ஆம் ஆண்டில் சீனத்தின் குவான்சௌ விரிகுடாவில், ஏறத்தாழ அக்காலத்தைச் சேர்ந்த மரக்கப்பல் ஒன்று சேற்றிலிருந்து அகழ்ந்தெடுக்கப்பட்டது. அதில் பன்னிரண்டு குறுக்குச் சுவர்களும், அவற்றிடையே பதின்மூன்று அறைகளும் இருந்தன.

இந்தக் குவான்சௌ நமக்கு அயலூர் அன்று. அங்கே வணிகம் செய்யச் சென்று குடியேறிய தமிழர் சிவன் கோயில் ஒன்று எடுத்தனர் என்பதைக் காட்டும் தமிழ்க் கல்வெட்டு அந்நகரில் கிடைத்திருக்கிறது. அதன் காலம் 1281ஆம் ஆண்டு. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்து, வந்த இடத்தில் கோயிலும் சங்கமும் கண்ட நம்மைப் போன்றோர் அங்கும் வாழ்ந்தனர் என்பதும், அவர்கள் கண்முன் அறை பிரித்த கப்பல்கள் அத்துறையில் வந்து நின்றன என்பதும் எண்ணி மகிழத்தக்கன.

ஒரு பலகை உடைந்தால் ஓர் அறையில் மட்டும் நீர் புகும். மற்ற அறைகள் கப்பலை மிதக்க வைக்கும். நீருக்காக எழுந்த இந்தச் சுவரே பின்னர்த் தீக்கும் வெடிக்கும் அரணாயிற்று. நம் இரயில்வேயிலும் இதே கருத்து வேறு உருவில் நடைமுறையில் உண்டு. அபாயமான சரக்குகளுக்கென 'ரெட் டாரிஃப்' என்று ஒரு தனி விதிநூல் இருப்பதைச் சரக்குப் பகுதியில் பணி புரிவோர் அறிவர். வெடிமருந்து ஏற்றிய வேகனை எஞ்சினுக்கு அடுத்தாற்போல் கோக்கக் கூடாது. இடையில் வேறு வேகன்கள் இருக்க வேண்டும். சேர்ந்தால் பகையாகும் சரக்குகளை ஒரே வேகனில் ஏற்றக் கூடாது. பதிவேட்டில் பார்க்கும்போது இவை வெறும் அலுவலகத் தொல்லையாகத் தோன்றும். அவற்றின் பின்னால் நிற்கும் வரலாற்றை அறிந்தவர் அவ்வாறு எண்ணமாட்டார்.

திறந்த கதவின் விலை

முதல் உலகப் போரில், 1915ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், வடகடலில் டாகர் பாங்க் என்னுமிடத்தில் பிரிட்டிஷ் கடற்படையும் ஜெர்மன் கடற்படையும் மோதின. 'ஸைட்லிட்ஸ்' என்ற ஜெர்மன் போர்க்கப்பலின் பின்புறப் பீரங்கி மேடையில் ஒரு குண்டு துளைத்தது. அங்கே எடுத்து வைத்திருந்த உந்துமருந்து பற்றிக்கொண்டது. கீழே இருந்தவர்கள் உயிர் தப்பும் பொருட்டு அடுத்த மேடைக்குச் செல்லும் கதவைத் திறந்தனர். திறந்த கதவின் வழியே தீயும் உடன் சென்றது. இரண்டு மேடைகளும் எரிந்து, அவற்றில் இருந்த நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீ கிடங்கை எட்டியிருந்தால் கப்பலே சிதறியிருக்கும். அவ்வேளையில் வில்ஹெல்ம் ஹைட்காம்ப் என்ற பணியாளர், பழுக்கக் காய்ந்திருந்த வால்வுச் சக்கரங்களைக் கையால் திருகிக் கிடங்குக்குள் கடல் நீரைப் பாய்ச்சினார். கப்பல் பிழைத்துத் தாயகம் திரும்பியது.

ஜெர்மானியர் இதில் பாடம் கற்றனர். பீரங்கி அருகில் குவித்து வைக்கும் மருந்தின் அளவைக் குறைத்தனர், கதவுகளை ஒழுங்குபடுத்தினர். அவர்களுடைய உந்துமருந்தின் பெரும்பகுதி பித்தளைக் கூட்டுக்குள் அடைபட்டிருந்ததும் துணை செய்தது. பிரிட்டிஷாரோ அதே போரிலிருந்து வேறொரு முடிவுக்கு வந்தனர். இன்னும் விரைவாகச் சுட வேண்டும் என்பதே அது. விரைவாகச் சுட மருந்து விரைவாக மேலே வர வேண்டும். அதற்குக் கிடங்கின் கதவு இடையூறு. ஆகவே கதவுகளைத் திறந்தே வைத்தனர். பட்டுப் பைகளில் கட்டிய கார்டைட் மருந்தை வழியெங்கும் அடுக்கி வைத்தனர். சட்டம் புத்தகத்தில் இருந்தது. கதவு திறந்து கிடந்தது.

1916ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் ஜட்லாந்துக் கடற்போர் நடந்தது. அன்று பிற்பகலிலும் மாலையிலுமாக 'இண்டிஃபாட்டிகபிள்', 'குவீன் மேரி', 'இன்வின்ஸிபிள்' என்னும் மூன்று பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் வெடித்துச் சிதறின. மூன்றிலும் சேர்த்து 3,300 பேர் அளவில் மாண்டனர்; உயிர் தப்பியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கவசத்தின் குறையும் காரணம் எனக் கூறுவர். ஆயினும் சுடர் கிடங்கு வரை ஓடியதற்குத் திறந்த கதவுகளும் குவித்த மருந்தும் பெருங்காரணம் என்பதை ஆராய்ந்தோர் பலர் எடுத்துக் காட்டியுள்ளனர்.

அதே நாளில், அதே அணியில், 'லயன்' என்ற கப்பலும் அடிபட்டது. அதன் நடு மேடையில் குண்டு விழுந்து அங்கிருந்தோர் பெரும்பாலும் மடிந்தனர். மேடையின் தலைவர் மேஜர் பிரான்சிஸ் ஹார்வி உயிர் பிரியும் தறுவாயில், கிடங்கின் கதவை மூடி நீரைப் பாய்ச்சுமாறு கட்டளையிட்டார். கட்டளை நிறைவேறியது. சிறிது நேரத்தில் மேலிருந்து பெருஞ்சுடர் பாய்ந்து இறங்கிக் கீழே நின்றோர் பலரைக் கொன்றது. ஆனால் மூடிய கதவைத் தாண்டி அது செல்லவில்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகளைச் சுமந்த அக்கப்பல் பிழைத்தது. ஹார்விக்கு இறந்தபின் விக்டோரியா கிராஸ் விருது வழங்கப்பட்டது. டாகர் பாங்கில் எரிந்த 'ஸைட்லிட்ஸ்' கப்பலும் ஜட்லாந்தில் இருந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பெரிய குண்டுகளும் ஒரு டார்ப்பீடோவும் தாக்கியும், வயிறு நிறைய நீருடன் அது கரை சேர்ந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைத்தல் ஆகாது. கதவை மூடு என்பது சொல்வதற்கு எளிது. மூடும் கதவுக்கு அப்பால் உடன்பிறந்தாரைப் போலப் பழகிய தோழர்கள் நிற்கக்கூடும். சிலரை இழந்து பலரைக் காக்கும் கொடிய முடிவை, நொடிப்பொழுதில், அருகில் நிற்கும் ஒருவர் எடுக்க வேண்டியிருக்கிறது. அந்நிலை நேராதபடி முன்கூட்டியே கதவை மூடி வைப்பதுதான் அறிவுடைமை. மருந்தைக் குவியாமல் இருப்பதுதான் உண்மையான இரக்கம்.

பம்பாயில் நேர்ந்த கொடுமை

முடிவெடுக்க ஒருவர் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய் விக்டோரியா துறையில் 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற சரக்குக் கப்பல் நின்றிருந்தது. அது போர்க்கப்பல் அன்று. ஆயினும் போருக்கான 1,395 டன் வெடிபொருள்களைச் சுமந்திருந்தது. கராச்சியில் அதே கப்பலில் 8,700 பஞ்சுப் பொதிகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் ஏற்றப்பட்டன. பஞ்சையும் வெடிமருந்தையும் ஒரே வயிற்றில் அடைத்தனர். வெடிபொருள் கொண்ட கப்பல் துறைக்கு வெளியே நின்று சரக்கை இறக்குவது வழக்கம். போர்க்கால அவசரம் அதனை உள்ளே அழைத்து வந்தது.

பிற்பகல் இரண்டு மணியளவில் இரண்டாம் அறையிலிருந்து புகை எழுந்தது. தீயணைப்புப் படையினர் விரைந்து வந்து ஏறத்தாழ 900 டன் தண்ணீரைக் கொட்டினர். தீயின் மூலம் கண்ணுக்கு அகப்படவில்லை. கப்பலை வெளியே இழுத்துச் செல்வதா, நின்ற இடத்திலேயே மூழ்கடிப்பதா என்ற முடிவு எடுக்கப்படாமலே பொழுது கழிந்தது. மாலை 4 மணி 6 நிமிடத்துக்கு முதல் வெடி; அரை மணி நேரத்துக்குள் அதனினும் பெரிய இரண்டாவது வெடி. அருகில் நின்ற 'ஜலபத்மா' என்ற கப்பல் தூக்கி எறியப்பட்டுக் கரையேறியது. எரியும் பஞ்சு நகரின்மேல் மழையாகப் பொழிந்தது. எழுநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் தொகை அதனினும் மிகுதி என்று கூறுவாரும் உளர். ஓடாமல் நின்று தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த தீயணைப்பு வீரர்களில் மட்டும் 66 பேர் உயிர் நீத்தனர்.

'ஸைட்லிட்ஸ்' கப்பலில் ஒரு பணியாளரின் வெந்த கை செய்ததை, பம்பாயில் பல அதிகாரிகள் கூடியும் செய்ய இயலவில்லை. வீரத்தில் குறைவில்லை, பிரித்து வைக்கும் முறையிலும், முடிவெடுக்கும் உரிமையிலுமே குறை இருந்தது.

பின்னர்க் கற்ற பாடங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் பாடங்கள் தொடர்ந்தன. 1967ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் 'ஃபாரஸ்டல்' என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் ராக்கெட் ஒன்று தவறிப் பாய்ந்து எரிபொருள் பற்றியது. தீப்பற்றிய இரண்டு நிமிடத்துக்குள் முதல் குண்டு சூடேறி வெடித்தது. தீயணைக்கத் தேர்ந்த பயிற்சி பெற்றோர் முன்வரிசையில் நின்றதால் முதலில் மடிந்தவர்களும் அவர்களே. மொத்தம் 134 பேர் இறந்தனர். தீயணைப்பு சிலருடைய தொழில் அன்று, கப்பலில் கால் வைக்கும் ஒவ்வொருவரும் கற்க வேண்டிய கலை என்பது அதன் பின்னர் உறுதியாயிற்று. சூட்டுக்கு எளிதில் வெடிக்காத குண்டுகளைச் செய்யும் முயற்சியும் வலுப்பெற்றது.

1982ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் ஃபாக்லண்டுப் போரில் 'ஷெஃபீல்ட்' என்ற பிரிட்டிஷ் கப்பலை ஓர் ஏவுகணை தாக்கியது. தீயணைக்கும் நீர்க்குழாய் உடைந்தது. கரும்புகை கப்பலை நிறைத்தது. 20 பேர் மாண்டனர். சில நாட்களில் கப்பலும் மூழ்கியது. கப்பலை அறைகளாகப் பிரித்தால் மட்டும் போதாது, நீர்க்குழாயையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்று உடைந்தால் மற்றது இயங்குமாறு வால்வுகள் வைக்க வேண்டும். புகைக்கும் திரையிட வேண்டும் என்ற பாடம் இதனால் வலியுறுத்தப்பட்டது. சூட்டில் உருகி உடலோடு ஒட்டிக்கொள்ளும் செயற்கை நூலாடைகளை மாலுமிகள் கைவிட்டதும் அப்போரின் பின்னரே.

நம் கடற்படையும் இத்துயரத்துக்கு விலக்கன்று. 2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14ஆம் நாள் நள்ளிரவில் மும்பைத் துறையில் நின்ற 'சிந்துரக்ஷக்' நீர்மூழ்கியில் வெடி நேர்ந்து 18 பேர் உயிரிழந்தனர். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் 'ரண்வீர்' கப்பலின் உள்ளறை ஒன்றில் நேர்ந்த வெடியில் மூவர் மாண்டனர். மும்பை–புணே இரயில் பாதையிலுள்ள லோணாவலாவில், தீயையும் வெள்ளத்தையும் எதிர்த்துப் போராட மாலுமிகளுக்குக் கடற்படை தனிப்பள்ளி நடத்துகிறது. அங்கே சாய்ந்தாடும் அறைக்குள் நீர் பாய்ந்து வர, கட்டையும் முட்டும் கொடுத்து ஓட்டையை அடைக்கப் பழகுகின்றனர்.

நம் ஊரின் பங்கு

இனி ஹைதராபாத்துக்கு வருவோம். சுவர் எழுப்பிக் கதவை மூடினாலும், அந்தச் சுவர் எத்தகைய எஃகால் ஆனது என்ற வினா எஞ்சி நிற்கிறது. வலிமை மட்டும் உள்ள எஃகு, வெடியின் அதிர்ச்சியில் கண்ணாடி போல் விரிசல் விடும். வளைந்து கொடுத்து, நீண்டு, விரிசல் விடாது தாங்கும் எஃகே சுவரைச் சுவராக நிற்க வைக்கும். அத்தகைய எஃகுக்கு நாம் நெடுங்காலம் அயல்நாட்டையே நம்பியிருந்தோம்.

1963 முதல் ஹைதராபாத்தில் இயங்கி வரும் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம், கஞ்சன்பாக் வழியாகச் செல்லும் நம்மிற் பலர் வெளிச்சுவரை மட்டும் கண்டிருக்கும் இடம். அங்குள்ள அறிஞர்கள் இந்திய எஃகு ஆணையத்துடன் சேர்ந்து 'டி.எம்.ஆர். 249' என்ற கப்பல் எஃகை உருவாக்கினர். உறைநிலைக்கு 60 பாகை கீழான குளிரிலும் அடி தாங்குகிறதா என்று அது சோதிக்கப்படுகிறது. பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகளில் அந்த எஃகு வார்க்கப்பட்டது. கொச்சியில் கட்டப்பட்டு, 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள் கடற்படையில் சேர்ந்த விமானந்தாங்கிக் கப்பல் 'விக்ராந்த்' அதனாலேயே ஆனது. ஏறத்தாழ 30,000 டன் எஃகு அதற்குச் சென்றது. 262 மீட்டர் நீளமுள்ள அக்கப்பலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகள் உண்டு. குவான்சௌவில் பதின்மூன்றாக இருந்த அறைகள் கொச்சியில் இரண்டாயிரமாயின என்றும், அவற்றின் சுவருக்கு எஃகு கண்டது கடலே காணாத நம் நகரம் என்றும் நாம் பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.

நமக்கு உரிய பாடம்

எஃகு எவ்வளவு நன்றாக இருப்பினும், திறந்து கிடக்கும் கதவுக்கு அது துணை செய்யாது. இது கப்பலுக்கு மட்டும் உரிய நீதி அன்று. 2023ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் நாள் நம் செகந்திராபாத்தில் ஸ்வப்னலோக் கட்டடத்தில் தீப்பற்றியபோது, மூச்சுத் திணறி மாண்ட அறுவரும் இளம் வயதினர். சுடரினும் கொடியது புகை என்பதை அன்று நம் ஊரே கண்டது.

நம் காலனி அடுக்கு வீடுகளின் படிக்கட்டுகளைப் பாருங்கள். பழைய கட்டில், சைக்கிள், பழஞ்செய்தித்தாள் மூட்டை, சில இடங்களில் காலி எரிவாயு உருளை. வழி அடைபட்டிருக்கிறது. மூட வேண்டிய கதவு திறந்திருப்பதும், திறந்திருக்க வேண்டிய வழி அடைபட்டிருப்பதும் ஒரே குற்றத்தின் இரு முகங்கள். மின்சாரப் பெட்டியின் அருகில் துணி உலர்த்துவதும், மாடிக் கதவுக்குப் பூட்டிட்டுச் சாவியை ஒருவர் மட்டும் வைத்திருப்பதும் அத்தகையனவே. தீ நேரும்போது யார் மெயின் சுவிட்சை நிறுத்துவது, யார் முதியோரை அழைத்து வருவது என்பதை முன்னரே பேசி வைப்பதற்குக் காசு செலவில்லை.

பம்பாயில் உயிர் நீத்த வீரர்களின் நினைவாக ஏப்ரல் 14ஆம் நாளைத் தீயணைப்போர் நாளாக நாடு போற்றுகிறது. அந்நாளை ஒட்டியே நம் சித்திரைத் திருநாளும் வருகிறது. வேப்பம்பூப் பச்சடி படைத்து உண்ணும் அந்நாளில், சங்கத்து இளைஞர்கள் காலை ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஒவ்வொரு கட்டடத்தின் படிக்கட்டையும் ஒழித்து வைப்பார்களாயின், அதுவே அவ்வீரர்களுக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும். இதனைச் செயற்குழுவின் பரிவுக்கு வைக்கிறோம். வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!